வாசலில் கழற்றி வைத்த கால்

என் இடது கால் கொடுமுடியில் பிறந்தது. வலது கால் கோயமுத்தூரில் பிறந்தது. பிறந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டும் என்று அந்த வலது காலைக் கூட்டிக்கொண்டு போய்வந்த கதை இது.

என்னோடு பிறந்த வலது கால், கரும்பு ஏற்றிவந்த டிராக்டர் சக்கரத்துக்கடியில் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிச்சம். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. புதுக் கால் வந்ததில்தான் சொல்வதற்கு இருக்கிறது. கோயமுத்தூரில் ஒரு எஞ்சினியரிங் காலேஜ் அதற்குப் படம் போட்டதாம். மில் வேலைக்காரர்கள் போடும் பூட்ஸுக்கு அடிப்பாகம் செய்கிற ஒரு கம்பெனி அதை அச்சில் வார்த்ததாம். கவர்மெண்டு பணம் கொடுத்து, ஆஸ்பத்திரி வழியாக ஆளும் பிடித்துக் கொடுத்ததாம். மூன்று பேரும் கூட்டுச் சேர்ந்த ஆராய்ச்சி. "ஆராய்ச்சிக்கு எலி வேணுமில்ல, அதான் உன்னையக் கூப்பிடறாங்க" என்றாள் என் மகள் மல்லிகா. எலி என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. எலிக்கு பஸ் சார்ஜ் யார் கொடுக்கிறார்கள்?

காலைக் கொடுத்தபோதே சொல்லியிருந்தார்கள், ஆறேழு மாதம் போட்டு நடந்துவிட்டுத் திரும்ப வரவேண்டும், சோதனை இருக்கிறது என்று. சித்திரை வெயில் தணிந்ததும் நிவேதா போன் செய்தாள். காலேஜில் எங்கள் காலுக்குப் பொறுப்பான பெண். பொள்ளாச்சிப் பக்கம். நல்ல மரியாதை.

"பழனியம்மாங்களா? இந்தத் தடவை மெட்ராஸ்ல இருந்து அதிகாரி வர்றாருங்க. அவரு பார்த்து ஒத்துக்கிட்டாத்தான் மேற்கொண்டு நடக்கும். இல்லைன்னா திட்டத்தை நிறுத்திப்போட்டு, குடுத்த காலையெல்லாம் திருப்பி வாங்கிருவாங்க. நீங்க கட்டாயம் வரோணுங்க."

"வாரேன் கண்ணு" என்றேன். சொன்ன கையோடு காலண்டரில் ஆடியைத் தேடினேன். எனக்கு அந்தக் காலிடம் ஒரு காரியம் பாக்கி இருந்தது. ஆடிப் பதினெட்டுக்குக் காவேரிப் படியில் இறங்கி, தண்ணீரில் நின்று, என் கையால் மஞ்சள் விட்டு விளக்கு விடவேண்டும். கால் போனதிலிருந்து மேல்படியில் உட்கார்ந்து மல்லிகா விடுவதைத்தான் பார்க்கிறேன். புதுக் கால் வந்த பிறகும் கீழ்ப்படிக்கு இறங்க முடியவில்லை. கொஞ்ச நாளில் ஏதாவது வழி பிறக்கும் என்று இருந்தேன். அதற்குள் காலையே பிடுங்கிக்கொண்டால்?

மல்லிகா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். ஒறம்பரையாக விருந்துக்குப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாது.

ஈரோட்டைத் தாண்டியதும் பஸ்ஸில் கூட்டம். ஒரு பையன் பின்னால் நகர்ந்து என் வலது பாதத்தின்மேல் நன்றாக ஏறி நின்றுகொண்டான். எனக்கென்ன தெரியும்? ஜன்னல் வழியே பருத்தி மில் புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஊர் தாண்டிக் குனிந்து பார்த்துவிட்டு அவன் பதறிப்போனான்.

"அய்யோ, மன்னிச்சுக்கோங்க பாட்டிம்மா! எவ்வளவு நேரமா மிதிச்சிட்டிருந்தேன்? வலிக்கலைங்களா?"

"இல்லைங்க கண்ணு. நல்லா நில்லு. பஸ்ஸு ஆடுது."

அவன் கோயமுத்தூர் வரும்வரை என்னை ஒரு மகானைப் போலப் பார்த்துக்கொண்டே வந்தான். நான் விளக்கம் சொல்லவில்லை. மகானாக இருப்பதும் நன்றாகத்தான் இருந்தது.

கோயமுத்தூரில் ஆட்டோக்காரர் கேட்டார்: "எந்தக் காலேஜுங்கம்மா?" பேர் சொன்னேன். "அதுல எதுங்கம்மா? இந்த ஊர்ல கல்லெறிஞ்சா ஒண்ணு காலேஜ் மேல உழுகும், இல்லாட்டி ஆஸ்பத்திரி மேல உழுகும்." எறியாமலே ஒரு காலேஜில் கொண்டுபோய் விட்டார். உள்ளே போனதும் கழுத்துப்பட்டை கட்டிய பெண் ஒருத்தி ஓடிவந்து, நாற்காலி போட்டு, ரோஸ்மில்க் கொடுத்து, பேத்தி என்ன மார்க்கு என்று கேட்டாள். பேத்தி நான்காவதுதான் படிக்கிறாள், நான் வந்தது காலுக்கு என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ரோஸ்மில்க்கைப் பாதியில் வைப்பது மரியாதையில்லை, குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். எசன்ஸ் அளவுக்கு எச்சு.

சரியான காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. காலேஜுக்குள்ளேயே விருந்தினர் விடுதி. நீளமான வராந்தா, வரிசையாக அறைகள். சோதனைக்கு வந்த எல்லாரையும் அங்கேயே தங்கச் சொல்லியிருந்தார்கள், காலையில் எழுந்து நடக்கிற நடையையும் அளக்க வேண்டுமாம். குடிக்கச் சிறுவாணித் தண்ணீர் வைத்திருந்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் அதைப் பற்றிப் பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்கள். இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் காவேரித் தண்ணீருக்கு ஒரு கனம் உண்டு, குடித்தது தெரியும். இது குடித்ததும் காணாமல் போகிறது.

அடுத்த அறை காதர் பாய்க்கு. அவரும் இதே கால்காரர்தான், இடது கால். கோட்டைமேட்டில் தையல் கடை. உள்ளூர்க்காரரையும் அங்கே தங்கவைத்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

"எங்கூடு இங்கிருந்து கூப்பிடு தூரம் அக்கா. ஊடு இருக்க, ஒறம்பரையாட்டம் இங்க வந்து குந்தியிருக்கேன். எங்கூட்ல சிரிக்கிறா."

நான் என் அறைக்கு வந்து, வாசலில் இடது காலின் செருப்பை விட்டேன். பக்கத்தில் வலது காலைக் கழற்றி வைத்தேன். கைத்தடியை ஊன்றி உள்ளே போனேன்.

என் வீட்டிலும் அப்படித்தான். அந்தக் காலின் அடியைப் பார்த்தால் தெரியும்: கறுப்பு ரப்பர், வரிவரியாகக் கட்டை வெட்டி, பூட்ஸ் எப்படியோ அப்படி. தெருவில், பஸ் ஸ்டாண்டில், சந்தையில் அதை மிதித்துக்கொண்டு போகிறோம். அதோடு வீட்டுக்குள் வருவதா? நான் கோயில் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவள். 'செருப்போடு உள்ளே வராதீர்' என்ற பலகையை என் கையாலேயே எழுதி மாட்டியவள். பள்ளிக்கூடம் போனது சொற்ப காலம், அந்தப் பலகைக்காகத்தான் எழுத்தையெல்லாம் மறுபடி தேடிப் பிடித்தேன். தாசில்தாரே வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்து சாப்பிட்டிருக்கிறார். கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் எனக்குக் கைத்தடிதான். கோயிலுக்கும் அப்படித்தான். ஆற்றுப்படிக்கும் அதனால்தான் இறங்க முடியவில்லை. சாமி இறங்குகிற படியில் பூட்ஸோடு எப்படி இறங்குவது?

மறுநாள் சோதனை. காலேஜில் ஒரு பெரிய ஹால், குளிர் அடிக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் ரப்பர் பெல்ட்டின்மேல் நம்மை நடக்கவிடுகிறார்கள். எவ்வளவு நடந்தாலும் எந்த ஊரும் வருவதில்லை. சுற்றிலும் கேமரா. உடம்பெல்லாம் பொட்டு ஒட்டிவிட்டார்கள். பேராசிரியர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தலையாட்டினார். நல்ல மனிதர், ஆனால் நம் முகத்தைவிட நம் முழங்காலோடுதான் அதிகம் பேசுவார்.

நிவேதா ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

"கால் எப்படிங்கம்மா இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க கண்ணு."

"எங்கயாவது உறுத்துதுங்களா? சிரமம் ஏதாச்சும்?"

"ஒரு சிரமமும் இல்லைங்க. நல்லா இருக்குதுங்க."

"தெனமும் போடறீங்களா?"

"போடறனுங்க. போடாம எப்படி?"

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. உறுத்தவில்லை, தினமும் போடுகிறேன். காதர் பாயும் அதையே சொன்னார். சத்தியமங்கலத்திலிருந்து வந்த அண்ணனும் பவானியிலிருந்து வந்த பெண்ணும் அதையே சொன்னார்கள். இலவசமாகக் கால் செய்து கொடுத்து, பஸ் சார்ஜும் கொடுத்து, சோறும் போடுகிற இடத்தில் வேறு என்ன சொல்வது? போன இடத்தில் குறை சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. விருந்துச் சோறு வேகாமல் இருந்தாலும் "பசியில்லைங்க" என்றுதான் எழுவோம்.

நிவேதா முகம் மட்டும் மலரவே இல்லை. காலுக்குள் ஒரு சிப்பு வைத்திருக்கிறார்களாம், எவ்வளவு நடக்கிறோம் என்று அது எண்ணுமாம். அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெல்ட்டுல இவ்வளவு அழகா நடக்கறீங்க. ஆனா ஊர்ல ஒரு நாளைக்கு நீங்க நடக்கறது கொஞ்சோண்டுதான்னு காட்டுது. உங்களுக்கு மட்டுமில்லைங்க, எல்லாருக்கும் அப்படித்தான் காட்டுது. பாதி நாள் கால் சும்மாவே கெடக்குது. ஏனுங்கம்மா?"

"வயசாச்சில்லைங்க கண்ணு" என்றேன். அவளுக்குக் கச்சாயம் கொடுத்தேன். சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

அடுத்த நாள் கம்பெனிக்குக் கூட்டிப்போனார்கள். வழியில் வேன் டயர் வெடித்தது. டிரைவர் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கியபோது காதர் பாய் சொன்னார்: "பாருங்க அக்கா, வண்டிக்கும் கால் மாத்தறாங்க. அதுக்குப் பத்து நிமிசத்துல வேலை முடிஞ்சிருது. சிப்பெல்லாம் வெக்கறதில்ல."

கம்பெனி பெரிசு. ஒரு பக்கம் ரப்பரை மாவுபோலப் பிசைந்து தட்டுகிறார்கள், மறுபக்கம் அச்சுக்குள் வைத்து அமுக்குகிறார்கள். எங்கள் கடை இட்லிப் பானையைத் திறப்பதுபோல ஆவியோடு திறந்தால் உள்ளே வரிசையாகப் பூட்ஸ் அடிகள். அதே வரி, அதே கட்டை. கம்பெனிக்காரர் பெருமையோடு காட்டினார். "ஏற்கெனவே இருந்த அச்சுங்க. மழையில வழுக்காது, ஆணி ஏறாது. புது அச்சு வெட்டுனா செலவு எங்கயோ போயிரும்னு இதையே உங்க காலுக்கும் போட்டுப்போட்டோம். எப்படிங்க இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க" என்றோம் எல்லாரும் ஒரே குரலில்.

மத்தியானம் அங்கேயே கேன்டீனில் சாப்பாடு. அரிசியும் பருப்பும் சாதம் கமகமவென்று இருந்தது. நெய் ஊற்றினார்கள். சாம்பாரில்தான் உப்பே இல்லை. சாம்பார் வைத்தே மகளைக் கரையேற்றியவள் நான். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. பரிமாறியவர் "எப்படிங்கம்மா?" என்றார். "நல்லா இருக்குதுங்க" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து மேஜையில் பேராசிரியரும் கம்பெனிக்காரரும் நடுவில் நிவேதாவும். குரல் ஏறியது.

"உங்க ரப்பர் கனம் எச்சுங்க. அதான் சனங்க கழட்டி வெச்சர்றாங்க" என்றார் பேராசிரியர்.

"ரப்பர்ல ஒரு கொறையும் இல்லைங்க. இவங்களையே கேளுங்க, எல்லாரும் நல்லா இருக்குதுன்னுதான சொல்றாங்க? உங்க சிப்புத்தான் பொய்க் கணக்குச் சொல்லுது."

"சிப்பு பொய் சொல்லாதுங்க."

"அப்ப இவங்க பொய் சொல்றாங்களா?"

எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். நான் உப்பில்லாத சாம்பாரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை கழுவுகிற இடத்தில் நிவேதா மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு அதிகாரி வர்றாரும்மா. யாரும் போட்டு நடக்காத காலுக்கு எதுக்குச் செலவு பண்றதுன்னு அவரு ஏற்கெனவே எழுதிட்டாருங்க. பதில் சொல்ல எங்கிட்ட ஒண்ணுமே இல்லை. நாலு வருச வேலைங்கம்மா."  ஆடி எனக்கு எட்டாமல் போய்விடும் போலிருந்தது. துண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். சிப்பு எண்ணுவதையும் நான் வாசலில் காலை வைப்பதையும் சேர்த்துப் பார்க்க என் புத்திக்கு அப்போது தோன்றவே இல்லை. செருப்பைக் கழற்றுவதை யாராவது ஒரு சேதியாகச் சொல்வார்களா?

சாயங்காலம் மனசு சரியில்லை என்று காதர் பாய் எங்கள் இரண்டு மூன்று பேரை வெளியே கூட்டிப்போனார். தள்ளுவண்டியில் காளான் வாங்கிக் கொடுத்தார். காளானைத் தேடினேன், முட்டைக்கோஸ்தான் கிடைத்தது. ஆனாலும் சூடாக, காரமாக, வெங்காயம் தூவி, நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் இதை விற்றால் காளான் எங்கே என்று அடிக்க வருவார்கள். இங்கே வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

தொழுகை நேரம் வந்தது. பாய் பள்ளிவாசல் வாசலில் செருப்போடு காலையும் விட்டுவிட்டு, தடியூன்றி உள்ளே போய் வந்தார். வந்து சொன்னார்: "போன மாசம் ஒருநாள் வெளிய வந்து பார்த்தா செருப்பு இருக்குது, காலைக் காணோம்! தேடித் தேடிப் பார்த்தா, கூட்டற ஆளு அதை ஜோடி இல்லாத செருப்புங்களோட மூலையில ஒதுக்கி வெச்சிருக்காரு. ஏனுங்க இப்படின்னா, 'ஒத்தையா கெடந்துச்சு பாய், எவனோ விட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சேன்'ங்கறாரு!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். பாய் வீட்டிலிருந்து பிரியாணி டப்பாவும் வந்துவிட்டது. நான் கறி சாப்பிடுவேன் என்று தெரிந்ததும் அந்தம்மா இன்னொரு டப்பா அனுப்பினார். அதில் உப்பு சரியாக இருந்தது.

காலையில் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருக்கிறேன். வராந்தாவில் நிவேதா குரல்: "அம்மா, கெளம்பிட்டீங்களா, அதிகாரி..." அதோடு நின்றுவிட்டது.  என்னவோ ஆயிற்று என்று தடியூன்றிக் கதவுக்கு வந்தேன். அவள் வராந்தா நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

வரிசையாக ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் ஒற்றைச் செருப்பு, பக்கத்தில் ஒரு கால். என் வாசலில் ஒன்று. பாய் வாசலில் ஒன்று. சத்தியமங்கலத்து அண்ணன், பவானிப் பெண் எல்லார் வாசலிலும் சுத்தமாக, சுவரை ஒட்டி, ஜோடி சேர்த்து வைத்திருந்தது.

"அம்மா, இதைய ஏனுங்க வெளிய வெச்சிருக்கீங்க?"

"பின்ன ரூமுக்குள்ளயா கொண்டு வருவாங்க கண்ணு?"

"ஊர்லயும் இப்படித்தானுங்களா?"

"நாங்க வேற எப்படி இருந்திருப்போம்னு நெனச்சே?"

அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். எழுந்து போனை எடுத்தாள். "சார், ஹாலுக்கு வேண்டாம். எல்லாரும் இங்க வாங்க. அதிகாரியையும் இங்கயே கூட்டிட்டு வாங்க. யாரும் எதையும் நகர்த்தாதீங்க!"

பேராசிரியர் வந்தார், கம்பெனிக்காரர் வந்தார், அதிகாரியும் வந்தார். அதிகாரி நெட்டையாக, அவசரக்காரராக இருந்தார். வரிசையைப் பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை. "இதுல என்ன இருக்கு? நான் அவங்ககிட்டதான் பேசணும்" என்று நேராக என் அறைக்கு வந்தார். வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றினார். ஒரு காலை அறைக்குள் வைத்தார். அப்படியே நின்றார். திரும்பித் தன் ஷூவைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் என் கால் இருந்தது. இரண்டுக்கும் அடியில் ஒரே மாதிரி கறுப்பு ரப்பர்.

"ஓ" என்றார்.

திரும்பி மற்ற இரண்டு பேரையும் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள இவங்க எப்படி நடப்பாங்கன்னு யாரும் கேக்கலையா?" என்றார் அதிகாரி.

பேராசிரியர் சொன்னார்: "அது ஆஸ்பத்திரியில கேட்டிருப்பாங்கன்னு நெனச்சோம்."

கம்பெனிக்காரர் சொன்னார்: "காலேஜ்ல கேட்டுத்தான் படம் போட்டிருப்பாங்கன்னு நாங்க நெனச்சோம்."

அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரி எங்க பொறுப்புதான். கம்பெனிக்காரங்க பாத்திருப்பாங்கன்னு..." முடிக்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப நேத்து கேன்டீன் சாம்பாராட்டந்தானுங்க" என்றேன்.

"என்னதும்மா?"

"மூணு பேரு சேர்ந்து அடுப்புல ஒலை வெச்சா உப்பு ஆரு போடறது? அவரு போட்டிருப்பாருன்னு இவரு, இவரு போட்டிருப்பாருன்னு அவரு. நேத்து சாம்பார்ல உப்பே இல்லைங்க."

கம்பெனிக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களேம்மா?"

"சொன்னனுங்க. உங்க இடத்துல வந்து உக்காந்துட்டு வேற என்னத்தச் சொல்றது?"

நிவேதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்ப இந்தக் காலையும் அந்தச் சாம்பாராட்டந்தான் நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களா? உங்களுக்கு இதுல என்ன வேணும், சொல்லுங்கம்மா."

பழக்கதோஷம். "ஒண்ணும் வேண்டாங்க கண்ணு, நல்லா..." என்று ஆரம்பித்தேன். காதர் பாய் தன் கதவிலிருந்து குரல் கொடுத்தார்: "அக்கா! இப்பச் சொல்லாட்டிக் காலைத் திருப்பி வாங்கிருவாங்க. அப்புறம் ஆருகிட்டச் சொல்லுவீங்க, டிராக்டருகிட்டயா?"

சொல்லிவிட்டேன். ஆறு, படி, ஆடிப் பதினெட்டு, மேல்படி எல்லாம். வெறுங்கால்போல ஒரு கால் வேண்டும், அதற்கு மேலே செருப்புப் போட வேண்டும், வாசலில் செருப்பை மட்டும் கழற்ற வேண்டும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வியப்பாக இருந்தது, இவ்வளவு நாள் இதை எங்கே வைத்திருந்தேன் என்று. என்னைப் பார்த்து பவானிப் பெண் ஆரம்பித்தாள், அடுப்படிக்குள் தவழ்ந்து போவதாக. சத்தியமங்கலத்து அண்ணன், மாதாகோயிலில் கடைசி வரிசையில் கதவோரமாகவே உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார். ஆளாளுக்குக் கொட்டினார்கள். நிவேதா எழுதிக்கொண்டே இருந்தாள், கை வலித்ததும் போனில் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி இன்னும் ஷூ இல்லாமல்தான் நின்றுகொண்டிருந்தார். "நிறுத்தணும்னு எழுதினதை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன்" என்றார். "ஆனா ஒரே ஒரு வாய்ப்புதான். ஆடிக்குள்ள வெறுங்கால் வரணும். வந்து இந்தம்மா தண்ணில நின்னா மேற்கொண்டு பேசலாம்."

"புது அச்சு வெட்டோணுமேங்க" என்று இழுத்தார் கம்பெனிக்காரர். பேராசிரியர், செருப்பு போட்டால் ஓர் உயரம், கழற்றினால் ஓர் உயரம், ஆள் சாயாமல் இருக்கக் கணுக்காலை மாற்ற வேண்டும் என்று அப்போதே என் முழங்காலோடு பேச ஆரம்பித்துவிட்டார். இந்தத் தடவை நடுவில் ஒருமுறை நிமிர்ந்து என் முகத்தையும் பார்த்தார்.

கிளம்புகிற அன்றைக்கு மத்தியானமும் கம்பெனிச் சாப்பாடுதான். பரிமாறியவர் என் இலையை விட்டு நகரவே இல்லை. வாயில் வைத்தேன். "உப்பு சரிங்க. புளி கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்றேன். வணக்கம் போட்டுவிட்டுப் போனார்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. யாரும் மிதிக்கவில்லை.

ஆனியில் இரண்டு தடவை நிவேதா வீட்டுக்கே வந்து அளவெடுத்துப் போனாள். கடையில் வந்து இட்லி சாப்பிட்டாள், பலகையைப் படித்துப் படித்துச் சிரித்தாள். ஆடி பிறந்து, புதுக் கால் பார்சலில் வந்தது. தட்டையான பாதம், கட்டைவிரல் தனியே பிரிந்து, செருப்பு வாரில் நுழைகிற மாதிரி. வாசலில் இரண்டு செருப்பையும் விட்டுவிட்டு உள்ளே நடந்தேன். அடுப்பு வரை போய்த் திரும்பி வந்தேன். மல்லிகா சட்னியைக் கிண்டுவதை விட்டுவிட்டாள், அது அடிப்பிடித்தது.

ஆடிப் பதினெட்டு அன்று படித்துறையில் இடமில்லாத கூட்டம். மல்லிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். மஞ்சள் விட்டேன், விளக்கு விட்டேன். அது சுற்றிச் சுற்றிப் போய் மற்ற விளக்குகளோடு சேர்ந்துகொண்டது. அப்போது மல்லிகாவின் போன் அடித்தது. என் காதில் வைத்தாள்.

"அம்மா, நிவேதா பேசறனுங்க. சார், கம்பெனி சார், அதிகாரி எல்லாரும் இங்க பக்கத்துலதான் இருக்காங்க. புதுக் கால் எப்படிங்க இருக்குது?"

வாய்க்கு வந்தது பழைய வார்த்தைதான். அதைப் பிடித்து விழுங்கினேன்.

"நல்லா இல்லை கண்ணு" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"பாசிப் படியில பின்னாடி இழுக்குது. அடியில கொஞ்சம் சொரசொரப்பு வேணும், ஆனா பூட்ஸாட்டம் வேண்டாம். அப்புறம் நெறம். நான் கருப்பு, இது செவப்பு. சேட்டு ஊட்டம்மா காலைக் கடன் வாங்கிட்டு வந்தாப்பல இருக்குது. கட்டைவெரலுக்கு அடுத்த வெரலு வேற தனியா பிரியலை, மெட்டி போட்டா நிக்காது."

போனுக்குள் ஒரே கூச்சல். நிவேதா கத்தினாள்: "சார்! பழனியம்மா கொறை சொல்றாங்க சார்! மூணு கொறை சொல்றாங்க! எழுதுங்க, எழுதுங்க!" யாரோ கைதட்டினார்கள். அதிகாரி குரல்தான் என்று நினைக்கிறேன், "மெட்டியா?" என்று கேட்டது.

"அம்மா, எங்க இருந்து பேசறீங்க? ஒண்ணுமே கேக்கலை, சலசலன்னு இருக்குது."

"ஆத்துக்குள்ள நின்னுட்டுத்தான் பேசறேன் கண்ணு. ரெண்டு காலும் நனைஞ்சு கெடக்குது. சித்தே இரு, அப்புறமா பேசறேன்."